லூயிஷம் ஆஸ்பத்திரியின் பலம் எது?

தோழர்களே, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் எண்டு நாலு கட்டம் கீறச் சொல்லித் தருவினம். தென்கிழக்கு லண்டனில இருக்கிற லூயிஷம் ஆஸ்பத்திரியை அதுக்குள்ள போட்டுப் பாருங்கோ.

2012இல் அது நட்டத்தில் ஓடவில்லை. கடனில் மூழ்கியது பக்கத்து நிர்வாகமான 'சவுத் லண்டன் ஹெல்த்கேர்'. தனியார் முதலீட்டில் கட்டின இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு வருசா வருசம் கட்டின தவணை அதன் கழுத்தை நெரிச்சது. முதலீட்டாளரின் ஒப்பந்தத்தில கைவைக்க ஆருக்கும் மனமில்லை. பதிலுக்கு லூயிஷத்தின் அவசரப் பிரிவையும் மகப்பேற்றுப் பிரிவையும் குறைக்கத் திட்டம் போட்டினம். ஒழுங்கா நடந்ததுதான் அது செய்த குற்றம்!

கட்டத்துக்குள்ள ஆரும் எழுதாத பலம் ஒண்டு இருந்தது. 2013 ஜனவரியில் ஆயிரக்கணக்கான சனம் டொக்டர்மாரோட சேர்ந்து தெருவில இறங்கிச்சுது. வழக்கும் போட்டினம். சுகாதார அமைச்சர் ஜெரமி ஹண்ட் தன் அதிகாரத்தை மீறினார் என்று யூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒக்டோபரில் மேன்முறையீட்டிலும் அவர் தோற்றார்.

உடன அரசு என்ன செய்தது? 2014இல் சட்டத்தையே மாத்தி, பக்கத்து ஆஸ்பத்திரியிலும் கைவைக்கிற அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. அதனால அச்சுறுத்தல் கட்டத்தில அயல் நிர்வாகத்தின்ர கடனையும் எழுதுங்கோ. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு ஆஸ்பத்திரியின்ர வருடாந்தக் கணக்கறிக்கையோட வாங்கோ.