மூன்று செடியும் ஒரு வேலியும்

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)





இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இச்சபையிற் பேசத் தக்கதோ என்று சிலர் ஐயுறலாம். கஞ்சா என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரியோர் முகஞ்சுழிப்பர்; இளைஞர் தமக்குள் நகைப்பர். இவ்விரண்டும் அறிவுக்குத் துணையாவன அல்ல. நம்மவர் பல்லாயிரவர் ஜேர்மனியிலும் கனடாவிலும் குடியிருக்கின்றனர். அவ்விரு நாடுகளிலும் வயதுவந்த ஒருவர் தம் வீட்டிலே கஞ்சாச் செடி வளர்ப்பதைச் சட்டம் இப்பொழுது சில கட்டுப்பாடுகளுடன் அநுமதிக்கின்றது. "அண்ணை வீட்டுப் பல்கனியிலே மூன்று செடி நிற்கிறதாம்; பொலிசும் கேளாதாம்" என்ற கதை இங்கே வந்து சேருகின்றது. அதைக் கேட்ட தம்பி, "அங்கே குற்றமில்லையாயின் இங்கே மட்டும் ஏன் குற்றம்?" என்கிறான். தகப்பனாரோ, "பேசாதே" என்று வாயை அடைத்துவிடுகிறார். வாயை அடைப்பது விடையன்று. கேள்வி நெஞ்சிலே நின்றுகொண்டுதான் இருக்கும். ஆகவே ஜேர்மனியிலே முதன்முறையாக அச்செடியை வளர்க்கப் புகும் ஒருவர் எதைச் செய்கிறார், எதற்குக் கட்டுப்படுகிறார் என்பதை முதலில் அறிவோம். நியாயத்தைப் பின்னர் ஆராய்வோம்.

ஜேர்மனியின் புதிய சட்டம் 2024ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் தாம் வாழும் வீட்டிலே தமது சொந்தப் பாவிப்புக்காக ஒரே வேளையில் மூன்று செடி வரை வளர்க்கலாம். உலர்ந்த சரக்கு வீட்டிலே 50 கிராமுக்கும், வெளியே கொண்டு செல்கையில் 25 கிராமுக்கும் மேற்படலாகாது. விளைந்ததை விற்கக் கூடாது. நண்பருக்கு இனாமாகக் கொடுக்கவுங் கூடாது. சிறுவர்களும் பிறரும் அணுகாதபடி செடியையும் விளைவையும் தக்க காப்புடன் வைத்திருத்தல் வேண்டும். சட்டத்தின் சாரம் இதுவே. கதை கொண்டுவருவோர் "மூன்று செடி" என்ற முதற் பாதியைச் சொல்லுகின்றனர். பூட்டையும் அளவையும் பற்றிய மறுபாதியை வழியிலே தவறவிட்டு விடுகின்றனர்.

இனிச் செடியின் இயல்பைப் பார்ப்போம். பனையிலே ஆணும் பெண்ணும் வேறு வேறு மரம் என்பதை நம் ஊரிலே சிறுபிள்ளையும் அறியும். கஞ்சாவும் அத்தகையதே, ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பிசினும் மயக்கமும் மிகுதியாகவுள்ளது பெண் செடியின் பூங்கொத்திலேயாகும். ஆண் செடியின் மகரந்தம் பட்டுவிட்டால் பூங்கொத்து விதை பிடித்துவிடும். ஆதலால் வளர்ப்போர் ஆண் செடியைக் கண்டவுடன் பிடுங்கிவிடுகின்றனர். தாவரங்களிலே ஆண் பெண் என்ற பேதம் உண்டென்பதை 1694ஆம் ஆண்டிலே ஆராய்ந்து வெளியிட்ட கமராரியஸ் என்பவர் ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரத்துப் பேராசிரியர். அவர் ஆராய்ந்த செடிகளிலே இதுவும் ஒன்று. மிசன் பாடசாலையிலே தாவரவியல் கற்ற நாம் லின்னேயசின் பெயரைக் கேட்டிருக்கிறோம். அவர் 1753இல் இதற்குக் கன்னபிசு சற்றைவா என்று பெயரிட்டார்.

மற்றோர் இயல்பு ஒளியைப் பற்றியது. நமது பழைய நெல்லினங்கள் சில, பகல் குறுகி இரவு நீளும் பருவத்திலேதான் கதிர் ஈனும். கஞ்சாவும் இரவு நீண்டாற்றான் பூக்கும். இவ்வுண்மையை 1912ஆம் ஆண்டளவிலே பிரான்சிய அறிஞர் தூர்னுவா என்பவர் இச்செடியையும் ஒப்புக் கொடியையும் கொண்டே கண்டறிந்தார். வெளியிலே வளர்க்கும் ஜேர்மனியர் மே மாத நடுப்பகுதிவரை உறைபனிக்கு அஞ்சிக் காத்திருந்து, அதன் பின்னரே கன்றை வெளியில் வைப்பர். கோடையின் நீண்ட பகலிலே செடி உயரும். ஓகஸ்ட் மாதமளவிலே அரும்பும். செப்ரெம்பர் இறுதியிலோ ஒக்ரோபரிலோ அறுவடையாகும். வீட்டினுள்ளே வளர்ப்போர் பதினெட்டு மணிநேரம் மின்விளக்கொளி கொடுத்து வளர்த்து, பின்னர் அதைப் பன்னிரண்டு மணிநேரமாகக் குறைத்துப் பூக்கச் செய்வர். மின்சாரக் கட்டணம் அவர்களுக்கு அதன் விலையைப் பின்னர் அறிவிக்கும்.

புதிதாக வளர்ப்பவர் தவறுவது எங்கே? மிளகாய்க் கன்றைப் புதிதாக வைப்பவன் எங்கே தவறுகிறானோ அங்கேதான். அன்பு மிகுதியால் ஓயாது நீரூற்றி வேரை அழுகவிடுவார். பசளையை அள்ளிப் போட்டு இலையின் நுனியைக் கருகவிடுவார். காற்றோட்டமில்லாத மூலையிலே செடியை நெருக்கி வைப்பார். மாரிக்கு முந்திய ஈரக் காற்றிலே பருத்த பூங்கொத்தின் உள்ளே சாம்பற் பூஞ்சணம் பிடித்துவிடும். வெளியே பச்சையாகவும் உள்ளே அழுகலாகவும் இருக்கும் அதனைப் புகைப்பவரின் நெஞ்சறை என்னாகும்! அறுத்த பின்பும் வேலை முடிவதில்லை. புகையிலையைப் பதமாக உலர்த்துவதற்கு எவ்வளவு அநுபவம் வேண்டுமென்பதை வலிகாமத்துக் கமக்காரரைக் கேட்டால் அறியலாம். கஞ்சாவையும் இருளான, காற்றோடும் அறையிலே ஒரு வாரம், இரண்டு வாரமென மெல்ல உலர்த்துதல் வேண்டும். விரைந்து உலர்த்தினாற் காரம் மிகும். ஈரத்தோடு அடைத்தாற் பூஞ்சணம் பற்றும்.

இங்கே ஒரு விநோதத்தைக் கவனியுங்கள். மூன்று செடியும் செழித்து வளர்ந்தால் அவற்றின் விளைவு 50 கிராமை எளிதிலே தாண்டிவிடும். மிஞ்சியதை என்ன செய்வது? விற்றாற் குற்றம், கொடுத்தாற் குற்றம், வைத்திருந்தாலுங் குற்றம். அழித்துவிட வேண்டுமென்பதே சட்டம். நாலைந்து மாதம் பாடுபட்டு வளர்த்ததைத் தன் கையாலே அழிப்பதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்? நல்ல கமக்காரன் விளைச்சல் குறைந்தால் வருந்துவான். இங்கோ விளைச்சல் மிகுந்தால் அஞ்சவேண்டியிருக்கிறது. வளர்க்கும் உரிமையைக் கொடுத்த சட்டம், போதுமென்று நிறுத்தும் மனவலிமையையும் கூடவே கேட்கின்றது. நம் பொருளின் உயிர்நிலை இதுவென்றே நாம் கருதுகிறோம்.

வேலியைப் பற்றியும் இவ்வாறே சொல்லலாம். கடைச் சரக்குக்குக் கடைக்காரன் பொறுப்பு. மருந்துக்கு வைத்தியர் பொறுப்பு. வீட்டிலே நிற்கும் செடிக்கு வீட்டுக்காரரே பொறுப்பு. அவ்வீட்டிலே தவழும் குழந்தை இருக்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கலாம். விருந்துக்கு வரும் மருமகன் இருக்கலாம். கதவுக்குப் பூட்டுப் போட மறந்த ஒருநாள் போதும். மேலும், வீட்டிலே விளைந்ததன் வலிமையை எவரும் அளந்து சொல்வதில்லை. மயக்கந்தரும் பொருளாகிய ரி.எச்.சி.யை 1964ஆம் ஆண்டிலே இஸ்ரேலிய விஞ்ஞானிகள் கவோனியும் மெச்சூலமும் பிரித்தெடுத்து இன்னதென்று காட்டினர். ஐக்கிய அமெரிக்காவிலே கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் அதன் சராசரி 1995இல் ஏறக்குறைய 4 வீதமாக இருந்தது. அண்மைய ஆண்டுகளில் அது 15 வீதமளவுக்கு உயர்ந்துள்ளது. ஆகவே "முந்தியும் சாமியார்கள் குடித்தார்கள்தானே" என்ற வாதம் பொருந்தாது. பெயர் ஒன்றானாலும் பொருளின் வேகம் வேறு.

இளைஞராகிய நமக்கு இதிலே தனியான அச்சமொன்று உண்டு. மனித மூளையின் வளர்ச்சி இருபத்தைந்து வயதளவிலேதான் முதிர்ச்சியடைகின்றது. அதற்கு முன்னே, அதிலும் பதின்ம வயதிலே, அடிக்கடி கஞ்சா பாவிப்போருக்குச் சித்தப்பிரமை முதலிய மனநோய் வரும் அபாயம் கூடுதலென்று வைத்தியர் எச்சரிக்கின்றனர். ஞாபகமும் கவனமும் மங்குகின்றன. ஜேர்மனிய அரசும் இதை அறிந்தே இருக்கின்றது. அங்கே வளர்ப்போர் சங்கங்கள் அமைக்க அநுமதியுண்டு. அவற்றிலே இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவருக்கு மாதம் 30 கிராமுக்கு மேலோ, ரி.எச்.சி. 10 வீதத்துக்கு மேற்பட்டதோ கொடுக்கலாகாதென விதித்துள்ளனர். மூத்தோருக்கு உரிய அளவு 50 கிராம். அநுமதிக்கும் அரசே இளைஞரை நோக்கி, "பொறு" என்று கை காட்டுகின்றது.

ஏனைய நாடுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். உருகுவே 2013இல் வீட்டுக்கு ஆறு செடியென்று வரையறுத்தது. வளர்ப்பவர் தம் பெயரைப் பதிவுசெய்தல் வேண்டும். கனடா 2018 ஒக்ரோபரில் வீட்டுக்கு நான்கு செடியை அநுமதித்தது. ஆயினும் கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பைத் தடுத்தது. அத்தடை செல்லுமென்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. தென்னாபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல், வயதுவந்தோர் தனிமையிலே தமக்காக வளர்ப்பதைக் குற்றமாக்குவது அந்தரங்க உரிமைக்கு மாறானதென்றது. ஒரே நாட்டுக்குள்ளும் எல்லைக்கோட்டின் இப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. சட்டம் அந்தந்த மக்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தமாகும். அது ஆகாய விமானத்தில் ஏறி நம்மோடு வருவதில்லை.

நமது நாட்டிலே 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் வீட்டிலே கஞ்சா பயிரிடுவதைத் தடுக்கின்றது. ஒரு செடியானாலும் குற்றம் குற்றமே. ஆயுள்வேத, சித்த வைத்தியத்திலே சுத்திசெய்து சேர்க்கும் முறை தொன்றுதொட்டு உண்டு. அது பயின்ற வைத்தியருக்குரிய வழி. வெளிநாட்டிலிருந்து "நாலு விதை" கடிதத்துள் வைத்து அனுப்பச் சொல்லும் விளையாட்டு, அனுப்பியவரையும் பெற்றவரையும் அவர்தம் பெற்றோரையும் நீதிமன்றப் படியேற்றும்.

சைவ இளைஞராகிய நாம் இன்னொன்றையும் தெளிதல் வேண்டும். வடநாட்டிலே சிவராத்திரியன்று பாங்கு பருகும் வழக்குண்டென்பதைக் காட்டி, சிவபெருமான் பெயரால் இதற்கு நியாயந் தேடுவோர் நம்மிடையே உளர். நம் நாட்டுச் சிவராத்திரி, உபவாசமும் கண்விழிப்புமாகும். திருமூலரின் திருமந்திரத்திலும் வள்ளுவரின் திருக்குறளிலும் கள்ளுண்ணாமை தனியொரு பகுதியாகவே அமைந்துள்ளது. அறிவை மயக்குவதைப் பக்தியென்று அழைப்பது நம் நெறிக்கு ஒவ்வாது.

இறுதியாக இரு சாராருக்கும் ஒவ்வொரு வேண்டுகோள். பெரியோர்களே, பிள்ளை கேட்கும்போது சினவாதீர்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர் அந்நாட்டுச் சட்டத்துக்கு அமைய நடந்தால் அவரைக் கள்ளனென்று தூற்றாதீர்கள், "பூட்டு இருக்கிறதா? பிள்ளைகள் அணுகாமல் இருக்கிறதா?" என்று கேளுங்கள். சகோதரர்களே, அநுமதிக்கப்பட்டதெல்லாம் நல்லதென்று எண்ணாதீர்கள். அங்கே சட்டம் மூன்று செடிக்கு இடங்கொடுத்தது; அவற்றைச் சுற்றி வேலியும் கேட்டது. செடியைப் பற்றிப் பேசுவோர் பலர். வேலியைப் பற்றிப் பேசுவோர் சிலர். அச்சிலருள் நாமும் இருப்போமாக.