கரண்ட் பில்லும் செல்போன் பில்லும் சிபிலில் ஏறுமா?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் வங்கிக் கடன் இணைப்புப் பயிற்றுநர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார். "இருபது வருஷமா கரண்ட் பில் ஒரு தடவை தப்பினதில்லை. செல்லுக்கும் மாசம் தவறாம காசு போடுறேன். ஆனா பேங்க்ல எனக்கு சிபில் ஸ்கோரே இல்லைன்னு சொல்றாங்களே, இது என்ன நியாயம்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் சிபில் என்றால் என்ன? நம் குழுவைத் தரம் பிரிக்கிறார்கள் அல்லவா? கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு சேருகிறதா, உள்கடன் திரும்புகிறதா, பதிவேடு சரியாக இருக்கிறதா என்று பார்த்து மார்க் போடுகிறார்கள். அதே மாதிரி தனி ஆளுக்குப் போடும் மார்க்தான் கிரெடிட் ஸ்கோர். 300-ல் தொடங்கி 900 வரை. 2005-ல் வந்த சட்டத்தின்படி ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நாலு கம்பெனிகள் இதைச் செய்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க். முதலில் வந்தது சிபில் என்பதால் நாம் எல்லாவற்றையும் சிபில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

குழுவைத் தரம் பிரிக்கும்போது "உங்க வீட்டுக் கரண்ட் பில்லைக் காட்டுங்க" என்று யாராவது கேட்டதுண்டா? கேட்க மாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான். இந்தக் கம்பெனிகளுக்கு விவரம் அனுப்புவது கடன் கொடுப்பவர்கள். மின்வாரியம் நமக்குக் கடன் கொடுப்பதில்லை. டெபாசிட் வாங்கி வைத்துக்கொண்டு கரண்ட் கொடுக்கிறது, ரெண்டு மாதத்துக்கு ஒரு தரம் கணக்கெடுக்கிறது. கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள், திரும்பக் கொடுக்கப் பணம் கட்டச் சொல்வார்கள். அதோடு சரி. தவறாமல் கட்டினாலும் ஸ்கோர் ஏறாது, நாலு நாள் தாமதமானாலும் இறங்காது. பஞ்சாயத்துத் தண்ணி வரி, கேஸ் சிலிண்டர், கேபிள் டி.வி. எல்லாமே இந்த வகைதான்.

யூடியூபில் சிலர், பில் கட்டினால் ஸ்கோர் ஏறும் என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. அங்கே எக்ஸ்பீரியன் கம்பெனி 2019 முதல், விருப்பப்படுகிறவர்களின் கரண்ட், போன் பில் கட்டிய விவரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த ஊர்ச் சங்கதியை நம் ஊருக்குச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே ஸ்கோர் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்து செல்போன். நம்மில் பெரும்பாலானவர்கள் ப்ரீபெய்டுதான். முதலில் காசு, பிறகு பேச்சு. அதில் கடன் எங்கே இருக்கிறது? ஆகவே ரீசார்ஜ் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஸ்கோருக்குச் சம்பந்தமில்லை. போஸ்ட்பெய்டு வேறு. ஒரு மாதம் பேசிவிட்டுப் பிறகு பணம் கட்டுகிறோம். கிரெடிட் அறிக்கையில் வீட்டுக் கடன், நகைக் கடன், டூவீலர் கடன் என்று கணக்கு வகைகள் உண்டு. அந்தப் பட்டியலில் செல்போன், லேண்ட்லைன், பிராட்பேண்ட் கணக்குகளுக்கும் இடம் இருக்கிறது. எல்லா கம்பெனியும் எல்லார் கணக்கையும் அனுப்புகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் பாக்கி வைத்துவிட்டு சிம்மைக் கழற்றி எறிந்தால், அது உங்கள் பெயரில் ஏற வழி இருக்கிறது. வேண்டாம் என்றால் பாக்கியைக் கட்டி, முறையாக எழுதிக் கொடுத்து முடித்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது சின்ன விஷயம். இனிமேல் சொல்வதுதான் நம் வீடுகளில் அதிகம் நடப்பது, அதனால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

போன் ரீசார்ஜ் ஸ்கோரைத் தொடாது. போன் வாங்கிய கடன் தொடும். மகன் கடைக்குப் போகிறான். பதினெட்டாயிரம் ரூபாய் போன். "அம்மா, உன் ஆதாரும் பான் கார்டும் கொண்டு வா, வட்டியில்லாத தவணை, மாசம் ரெண்டாயிரம், ஒம்பது மாசம்" என்கிறான். கடைக்காரர் போட்டோ எடுக்கிறார். நம் செல்லுக்கு ஓ.டி.பி. வருகிறது, வாசித்துச் சொல்கிறோம். அவ்வளவுதான், அது நம் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுத்த கடன். போன் மகன் கையில், தவணை அம்மா தலையில். அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய், ரெண்டு மாதம் கம்பெனியில் வேலை இல்லாமல் தவணை தவறினால், தவறியவர் அம்மாதான்.

எங்கள் பக்கத்துக் குழு ஒன்றில் ஒரு தங்கச்சிக்கு இப்படி ஆனது. கறவை மாட்டுக்குத் தனிக்கடன் கேட்டுப் போனார். குழுவில் பதினோரு வருஷமாக ஒரு தவணை தப்பாதவர். வங்கியில் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒரு பொருள் கடன் மூணு தவணை பாக்கி இருக்கே" என்றார்கள். என்ன பொருள் என்றே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் தம்பிக்கு வாங்கிக் கொடுத்த போன் ஞாபகம் வந்தது. ஆறாயிரம் ரூபாய் பாக்கி, மாட்டுக் கடனை நிறுத்திவிட்டது. மாடு விற்க வந்தவர் காத்திருக்கவில்லை.

தம்பிக்கு உதவக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உதவுங்கள், ஆனால் குழுக் கடன் மாதிரி நோட்டில் எழுதிவையுங்கள். தவணைத் தேதி என்ன, எந்த பேங்க் கணக்கிலிருந்து போகிறது, எந்த மாதம் முடிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முடிந்ததும் பாக்கியில்லாச் சான்று கேட்டு வாங்குங்கள்.

பாக்கி நாள்பட்டுவிட்டால் அந்த நிறுவனத்தார் போன் செய்து, "ஆறாயிரத்துக்கு மூவாயிரம் கட்டுங்க, முடிச்சுடலாம்" என்பார்கள். லாபம் மாதிரி தெரியும். ஆனால் அறிக்கையில் 'முடிந்தது' என்று வராமல் 'செட்டில்டு' என்று வரும். அதாவது முழுசாகக் கட்டவில்லை, பேசி முடித்தார் என்று பொருள். அடுத்த வங்கி அதைப் பார்த்துத் தயங்கும். கொஞ்சம் சிரமப்பட்டாலும் முழுசாகக் கட்டி முடிப்பதே நல்லது என்பது என் கருத்து.

கரண்ட் பில் ஸ்கோரில் ஏறாது என்றேன். ஆனால் கரண்ட் பில் கட்ட வாங்கிய கடன் ஏறும். செல்லில் பில் கட்டும் ஆப்பில், "இப்போ கட்டு, அப்புறம் கொடு" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் எழுநூறு ரூபாய் பில்லுக்கு எழுநூறு ரூபாய் கடன். இப்படி ஆப் வழியாகக் கொடுக்கும் கடனை, தொகை எவ்வளவு சின்னதானாலும், கிரெடிட் கம்பெனிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டது. எழுநூறு ரூபாய்தானே என்று மறந்துவிடுவோம், அது மறக்காது. முன்பு போல எப்போதாவது அனுப்புகிற கதையும் இல்லை. 2025 ஜனவரியில் இருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தரமாவது விவரம் அனுப்பியாக வேண்டும். தவறினாலும் சீக்கிரம் தெரியும், கட்டினாலும் சீக்கிரம் தெரியும்.

குழுக் கடன் சேருமா என்று கேட்பீர்கள். குழுவின் பெயரில் மட்டும் இல்லாமல், உறுப்பினர் அளவிலான விவரத்தையும் வங்கிகள் திரட்டி அனுப்ப வேண்டும் என்று 2016-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆகவே பதிவேடு எழுதும் சகோதரிகள் பெயரை ஆதாரில் இருப்பது போலவே எழுத வேண்டும். நம் பெண்களுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், பிறகு வீட்டுக்காரர் இனிஷியல். பான் கார்டில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று. ஒரே தெருவில் நாலு லட்சுமி இருப்பார்கள். ஒரு லட்சுமி கடன் இன்னொரு லட்சுமி அறிக்கையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை அறிக்கையை வாங்கிப் பாருங்கள். நாலு கம்பெனியும் ஆளுக்கு ஒன்று இலவசமாகக் கொடுக்க வேண்டும், 2017 முதல் இது நம் உரிமை. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒரே மாதத்தில் ஐந்தாறு இடத்தில் கடனுக்கு மனு போட்டால்தான் குறைய வாய்ப்பு. தவறு இருந்தால் கம்பெனியிடமோ வங்கியிடமோ புகார் கொடுங்கள். முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும். அதற்கு மேல் போனால் நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நமக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. அப்படியும் நடக்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரத்துக்கு 14448 எண்ணில் கூப்பிடுங்கள்.

செல் எண் விஷயத்தில் இன்னொன்று. ப்ரீபெய்டு ரீசார்ஜ் ஸ்கோரைத் தொடாது என்றாலும், எண்ணை விட்டுவிடாதீர்கள். நாம் விட்ட எண்ணைத் தொண்ணூறு நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். பேங்க் ஓ.டி.பி., யாராவது நம் கிரெடிட் அறிக்கையைப் பார்த்தால் வரும் குறுஞ்செய்தி எல்லாம் பிறகு யார் கைக்குப் போகும்? எண் மாறினால் அந்த வாரமே வங்கியில் எழுதிக் கொடுங்கள். நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நமக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

சரி, அந்த அக்கா கேள்விக்கு வருவோம். கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் இருக்காது. அது கெட்ட பெயர் இல்லை, வெற்றுத்தாள். வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை கடன் கேட்பவரின் மனுவைத் தள்ளக் கூடாது என்று 2025 ஜனவரி ரிசர்வ் வங்கி வழிகாட்டுதலில் இருக்கிறது. மேலாளர் தயங்கினால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். குழுவில் கட்டிய கணக்கு, சேமிப்பு பாஸ்புக் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். பாஸ்புக்கில் மாதாமாதம் வரவும் செலவும் தெரிவது நல்லது. அந்த வகையில் கரண்ட் பில்லைக் கணக்கிலிருந்து கட்டினால், ஸ்கோருக்கு உதவாவிட்டாலும், வீட்டுச் செலவை ஒழுங்காக நடத்துகிறார் என்று மேலாளர் கண்ணுக்குத் தெரியும். சுய உதவிக் குழுப் பெண்களுக்கும் கிராமத்தாருக்கும் 'கிராமின் கிரெடிட் ஸ்கோர்' என்று தனி முறையைப் பொதுத்துறை வங்கிகள் உருவாக்கும் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நம்மை மாதிரி ஆட்களை வேறு கண்ணால் பார்க்க வேண்டும் என்று மேலே இருப்பவர்களுக்கும் தோன்றியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அறிக்கை எடுக்கத் தெரியாதவர்கள் வரும் செவ்வாய்க்கிழமை கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் பான் கார்டும், ஓ.டி.பி. வரும் செல்லும் எடுத்துக்கொண்டு வாருங்கள். செல் மகன் கையில் இருந்தால் அன்றைக்கு ஒரு நாள் வாங்கி வையுங்கள்.