நான்காவது சுவர்

நாடக மேடைக்குப் பின்னால் ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாக மூன்று சுவர்கள் உண்டு. நாம் அமர்ந்திருக்கும் திசையிலும் கண்ணுக்குப் புலப்படாத சுவர் ஒன்று நிற்பதாகப் பாவித்து, திரை எழவேயில்லை என்பதுபோல் நடிகர்கள் நடிக்க வேண்டும் என்று 1758-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெனி திதரோ எழுதினார். 1887-ல் பாரிஸில் ‘சுதந்திர நாடகசாலை’யைத் தொடங்கிய ஆந்திரே அந்துவான் இந்தச் சித்தாந்தத்தை அனுஷ்டானத்துக்குக் கொண்டுவந்தார். கசாப்புக்கடைக் காட்சிக்கு நிஜமான மாட்டிறைச்சியையே மேடையில் தொங்கவிட்டதும், சபைக்கு முதுகைக் காட்டி நின்று வசனம் பேசியதும் அக்காலத்து ரசிகர்களைத் திகைக்கச் செய்தன.

கைத்தட்டலுக்காகக் காத்து நில்லாத நடிப்பே உண்மையான நடிப்பு என்னும் அந்த நோக்கம் உயர்ந்ததுதான். ஆயினும், சுவர் இருந்தால்தான் நம்பிக்கை பிறக்கும் என்று யாரேனும் முடிவு கட்டுவாராயின், வட ஆர்க்காடு, தென்னார்க்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டும்.

அங்கே, இருவர் பிடித்து நிற்கும் திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் பாடிக்கொண்டே வருகிறான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரனோ, தாங்கள் யார், எந்தத் தேசத்து ராஜா என்று அவனைப் பணிவோடு விசாரித்துவிட்டு, அடுத்த கணமே சபையோர் பக்கம் திரும்பி, உள்ளூர்ச் சங்கதி ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறான். அஸ்தினாபுரிக்கும் அந்த ஊர்த் தெருவுக்கும் இடையே அவனுக்கு எந்தத் தடையும் இல்லை. அப்படி வயிறு குலுங்கச் சிரித்த அதே ஜனங்கள்தாம், துகிலுரியும் கட்டம் வந்ததும் கண்ணீர் உகுக்கிறார்கள்; சிலருக்கு ஆவேசமே வந்துவிடுகிறது. அர்ச்சுனன் தபசு அன்றோ, உயரமான தபசு மரத்தின் உச்சிக்கு ஏறிய கூத்தர் அங்கிருந்து எறியும் எலுமிச்சம் பழத்தைப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானையில் ஏந்துகிறார்கள். எறிந்தவர் வேஷக்காரரா விஜயனா என்று அங்கு யாரும் வழக்காடுவதில்லை.

ஆகவே, சுவரை எழுப்புவதும் தள்ளிவிடுவதும் கலைஞன் கையாளும் உபாயங்கள். நம்பிக்கையோ சபையோர் மனமுவந்து அளிப்பது. பாரிஸ் நகரத்தார் அதை இருட்டில் மௌனமாக இருந்து அளித்தார்கள். கூத்துப் பார்ப்போர் சிரித்தும் அழுதும் மடியேந்தியும் அளிக்கிறார்கள். புதிய நாடகம் எழுத முனையும் நம் இளைஞர்கள், சுவர் வேண்டுமா வேண்டாமா என்று தர்க்கம் செய்வதற்கு முன்பு, தங்கள் எதிரில் வந்து அமரப்போகிறவர்கள் எவ்விதம் நம்பிப் பழகியவர்கள் என்பதை விசாரித்து அறிவது நலம்.