எந்த வகுப்பில் சேருவது?

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டுப் புறப்பட்டு, மும்பையிலும் புனேயிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வேரூன்றிவிட்ட நம்மவர்க்கு ஒரு வயது வருகிறது. அந்த வயதில் மருத்துவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "ஏதேனும் யோகாசனம் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுகிறார். எந்த ஆசனம், எவரிடம் கற்பது என்பதை அவர் சொல்வதில்லை. அடுத்த நோயாளி வாயிலில் காத்திருக்கிறார்.

நாமும் அப்படித்தான் மருத்துவர் அறையிலிருந்து வெளியே வந்தோம். ஆயினும் நம்மை உண்மையில் உந்தியது மருத்துவர் சொல் அன்று. திருநெல்வேலிச் சீமையில், பத்தமடைக்கு அருகிலுள்ள நம் வீட்டில், எண்பத்து நான்கு வயதான தாயார் இன்றும் கோரைப் பாயை விரித்துத் தரையில் அமர்ந்துதான் உண்கிறார்கள். முப்பது ஆண்டுகள் அலுவலக நாற்காலியில் பழகிய நமக்கு, ஒரு விடுமுறையின்போது, அவர்கள் பக்கத்தில் அமர முடியாமற் போயிற்று. முழங்கால் மடங்க மறுத்தது, இடுப்பு இணங்கவில்லை. தாயார் பாயிலும் மகன் நாற்காலியிலுமாக உண்டோம். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நம்மை வருத்தியது.

மும்பைக்குத் திரும்பிய பின் நம் தெருவைக் கூர்ந்து நோக்கினோம். ஒரே தெருவில் நான்கு பலகைகள். ஒன்றில் 'ஹட யோகம்', மற்றொன்றில் 'அஷ்டாங்க வின்யாசம்', அடுத்ததில் 'பவர் யோகா', கோடியில் ஒரு மாடிப்படியருகே 'ஐயங்கார் முறை'. சரவண பவன்கள் நான்கு அடுத்தடுத்து இருந்தாற்கூட இவ்வளவு மலைப்பு உண்டாகியிராது. யோகம் ஒன்றுதானே, பெயர் மட்டும் ஏன் இத்தனை என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

பழைய நூல்களைப் புரட்டினால் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆசனத்தைப் பற்றிச் சில சூத்திரங்களோடு நிறுத்திக்கொள்கிறது. நம் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகத்தை விரித்துரைக்கிறார். அங்கும் ஆசனம் எட்டில் ஒன்றே. சுவாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகை விளக்குவன 15 ஆசனங்கள். அவற்றில் பல அமர்ந்து செய்பவை. இன்று வகுப்பில் முதல் அரைமணி நேரம் நம்மை வியர்க்க வைக்கிற நின்ற நிலை ஆசனங்களும், தொடர்ந்து செய்யும் சூரிய நமஸ்கார வரிசையும் இவ்வடிவில் பரவியது சென்ற நூற்றாண்டில்தான். சூரிய நமஸ்காரத்தை ஊரறியச் செய்தவர்களுள் மகாராஷ்டிரத்து ஔந்து சமஸ்தானத்தின் அரசர் முதன்மையானவர். ஆகவே, 'எமது முறையே ஆதிமுறை' என்று எவரேனும் பலகை எழுதியிருந்தால், புன்னகை செய்துவிட்டு மேலே நடக்கலாம்.

இக்காலத்து வகுப்புகளில் பலவற்றின் ஊற்றுக்கண் மைசூர். 1930களில், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு யோகசாலை நடந்தது. நடத்தியவர் திருமலை கிருஷ்ணமாசாரியார். அவரிடம் பயின்ற மூவர் மூன்று வழியாகப் பிரிந்தனர். ஒரே ஆசிரியரின் மாணவர்கள் இவ்வளவு வேறுபட முடியுமா என்று ஐயுறுவோர், ஒரே பாட்டியின் ரசம் மூன்று மருமக்கள் கையில் என்ன ஆகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

முதலாமவர் பட்டாபி ஜோயிஸ். மைசூரிலேயே தங்கி 1948இல் தம் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அவர் பரப்பிய அஷ்டாங்க வின்யாச முறையில் ஆசனங்களின் வரிசை மாறாதது. மூச்சும் அசைவும் இணைந்து ஓடும். ஓர் ஆசனத்திற்கும் அடுத்ததற்கும் இடையே உடல் ஓய்வதில்லை. இரண்டாமவர் பி. கே. எஸ். ஐயங்கார், கிருஷ்ணமாசாரியாரின் மைத்துனர். இளமையில் மலேரியா, டைபாய்டு, க்ஷயம் எனப் பல நோய்களால் நலிந்தவர். 1937இல் புனே வந்து, அங்கேயே 2014இல் மறையும்வரை கற்பித்தார். அவரது முறையில் ஓட்டமில்லை. நிற்பதும் நிலைப்பதுமே உண்டு. ஒரே திரிகோணாசனத்தில் பாதத்தின் வெளிவிளிம்பு முதல் தோள்பட்டை வரை திருத்தித் திருத்தி நிறுத்துவர். மூன்றாமவர் ஆசாரியாரின் மகனார் தேசிகாசார். ஆசனத்துக்கு மனிதனை வளைப்பதை விட்டு, மனிதனுக்கு ஏற்ப ஆசனத்தை வளைக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆசாரியார் 1950களில் சென்னையில் குடியேறினார். அங்கே 1976இல் அவர் பெயராலேயே மகனார் யோக மந்திரத்தை நிறுவினார். அங்கே ஒருவருக்கு ஒருவராக அமர்ந்து கற்பிப்பது வழக்கமாயிற்று. ஆசாரியார் நூறாண்டு கடந்து 1989இல் மறைந்தார்.

இவ்வளவையும் நாம் பின்னர்த்தான் படித்தறிந்தோம். முதலில் அறியாமையால், தெருவின் நடுவிலிருந்த பவர் யோகா வகுப்பில் பணத்தைக் கட்டிவிட்டோம். மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொண்டார்கள். பவர் யோகா என்பது 1990களில் அமெரிக்காவில் அஷ்டாங்க முறையிலிருந்து கிளைத்தது. வரிசையைத் தளர்த்தி, வேகத்தைக் கூட்டி, உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டது. குளிரூட்டிய அறை, முரசு போன்ற இசை, முப்பது பேர். பயிற்றுநர் மேடையில் தாமே செய்துகாட்டினாரேயன்றி, ஒருமுறையேனும் வரிசைக்குள் இறங்கி நடந்தாரில்லை. உடலைப் பலகைபோல் தரைக்கு இணையாகத் தாழ்த்தும் சதுரங்க தண்டாசனத்தை ஒரு வகுப்பில் நாற்பது முறைக்கு மேல் செய்யவைத்தார். தோளில் வலுவில்லாதவன் அதைச் செய்கையில் முழங்கை விரிந்து, தோள்மூட்டு முன்னுக்குச் சரிகிறது. பாரம் தசையை விட்டுத் தசைநாரில் விழுகிறது. மூன்றாம் வாரத்தில் நம் வலத்தோள் சட்டையின் கைக்குள் நுழையாமல் நின்றது. குணமாக ஆறு வாரம் ஆயிற்று. கட்டணம் திரும்பவில்லை.

இதனால் அஷ்டாங்க முறையையே பழிப்பது நேர்மை ஆகாது. மைசூரில் அம்முறை கற்பிக்கப்பட்ட விதம் வேறு. அங்கு ஒவ்வொருவரும் தத்தம் மூச்சின் கதியில் செய்வர். ஓர் ஆசனம் கைவந்த பின்பே அடுத்ததை ஆசிரியர் தருவார். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓய்வு. முப்பது பேரை ஒரே தாளத்துக்கு ஆட்டுவித்தபோது அந்தக் காவல் விலகிவிட்டது. இளைஞர்க்கும், ஏற்கெனவே உடலுரம் பெற்றவர்க்கும் அவ்வகுப்பு உற்சாகம் தருவதைக் கண்ணாரக் கண்டோம். நம் பக்கத்தில் நின்ற இளம்பெண் ஒருத்தி இரண்டே மாதத்தில் மான்போலத் துள்ளினாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு.

தோள் ஆறியபின் மாடிப்படி ஏறினோம். ஆசிரியை அறுபது கடந்த மராத்தியப் பெண்மணி. எல்லோரும் அவரைத் 'தாயீ' என்றே அழைத்தனர். மராத்தியில் அது அக்காளைக் குறிக்கும். நம் தென்பாண்டிச் செவிக்கோ ஊரில் தாய்மாரை விளிக்கும் குரலாகவே கேட்டது. அவர் "ஷ்வாஸ் க்யா" என்றதும் மூச்சை உள்ளிழுத்தோம். "ஷ்வாஸ் சோடா" என்றார். முதல் நாள் நமக்குக் கோலி சோடாதான் நினைவுக்கு வந்தது. மூச்சை விடு என்பது அதன் பொருள். ஆசனங்களின் பெயர் மட்டும் எந்த ஊரிலும் மாறுவதில்லை. தாடாசனம், புஜங்காசனம், சவாசனம் என்றால் கொல்கத்தாவிலும் புரியும், குவாஹாத்தியிலும் புரியும். மொழி தெரியாத ஊரில் வாழ்கிறவர்க்கு இது சிறு உதவி அன்று.

அங்கு சுவரில் கயிறுகள் தொங்கின. மரக்கட்டைகள், வார்கள், மடக்கு நாற்காலிகள், கம்பளங்கள் அடுக்கியிருந்தன. இது மருத்துவமனையா தச்சுப் பட்டறையா என்று திகைத்தோம். தாயீ முதற்கேள்வியாக, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். பிறகு சம்மணமிடச் சொன்னார். முழங்கால்கள் இரண்டும் மார்பளவுக்கு எழுந்து நின்றன. முதுகு கூன்போல வளைந்தது. இரண்டு கம்பளங்களை மடித்து இருக்கைக்கு அடியில் வைத்து, அதன் விளிம்பில் அமரவைத்தார். முதுகு தானே நிமிர்ந்தது, முழங்கால் தானே தாழ்ந்தது. நாற்காலிப் பழக்கத்தால் தொடையின் பின்தசையும் இடுப்பைச் சுற்றிய தசையும் குறுகிவிடுகின்றன. அவை இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுப்பதால் முதுகு கூனுகிறது. இருக்கையை ஒரு சாண் உயர்த்தினால் இடுப்பெலும்பு முன்னுக்குச் சாயும். நோய் முழங்காலில் இல்லை, இடுப்பில் இருந்தது என்பதை அறிய நமக்கு ஐம்பத்தாறு வயது ஆகியிருந்தது.

இம்முறையிலும் குறை உண்டு. பொறுமை வேண்டும். சில ஆசிரியர்களின் கண்டிப்பு பள்ளிக்கூடத்தை நினைவூட்டும். உடல் வியர்த்து எடை குறையவேண்டும் என்று வருபவர் ஒரு மாதத்தில் ஓடிவிடுவார்.

அமைதியை நாடுவோர்க்குச் சிவானந்தர் மரபு பொருந்தும். இதைச் சொல்கையில் நமக்குச் சிறிது ஊர்ப்பெருமை உண்டென்பதை மறைக்கவில்லை. சுவாமி சிவானந்தர் 1887இல் பத்தமடையில் பிறந்தவர். மலாயாவில் மருத்துவராய்ப் பணிசெய்து, பின்னர் ரிஷிகேசத்தில் துறவியானவர். அவர் சீடர் விஷ்ணுதேவானந்தர் வகுத்த முறையில் பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள், இடையிடையே சவாசனம். பிழைப்புக்காகக் கடல்கடந்த ஒரு தமிழர், கங்கைக் கரையில் வடநாட்டாருக்கும் வெளிநாட்டாருக்கும் ஆசனம் கற்பித்திருக்கிறார். பீகாரில் உள்ளோர்க்கு முங்கேரில் அவர் சீடர் சத்தியானந்தர் நிறுவிய யோகப்பள்ளி உண்டு. படுத்தபடி பயிலும் யோகநித்திரைக்கு அது பெயர்பெற்றது. மும்பையில் உள்ளோர்க்குச் சாந்தாகுரூஸில் உள்ள, 1918இல் தோன்றிய யோக நிலையமும், லோணாவளாவில் 1924இல் குவலயானந்தர் தொடங்கிய கைவல்யதாமும் அணித்தே உள்ளன.

வெப்ப யோகம் என்பது 40 பாகை வெப்பமூட்டிய அறையில், தொண்ணூறு நிமிடம், 26 ஆசனங்கள். கொல்கத்தாவில் பயின்ற விக்ரம் சௌத்ரி அமெரிக்காவில் அதைப் பரப்பினார். அவ்வரிசைக்கு அவர் கோரிய பதிப்புரிமையை அந்நாட்டு நீதிமன்றம் 2015இல் மறுத்தது. மே மாதத்து நாகபுரியில் வாழும் தமிழர், மின்விசிறியை நிறுத்தினாலே அவ்வகுப்பு இலவசமாய்க் கிடைக்குமே, காசு கொடுப்பானேன்? இதயநோய் உள்ளவர் அந்த அறையை எட்டியும் பார்க்க வேண்டா. துணி ஊஞ்சலில் தொங்கும் வான யோகம் வேடிக்கையாக இருக்கிறது. தாதர் சிவாஜி பூங்காவில் மல்லகம்பம் ஏறும் சிறுவர்களைக் கண்டவர்க்கு அது பெரிதாகத் தோன்றாது.

எங்கே சேர்ந்தாலும், ஆசிரியர் கேளாவிட்டாலும், தம் உடல்நிலையை முதல்நாளே சொல்லிவிடவேண்டும். இரத்த அழுத்தம் மிகுந்தவரும் கண்ணில் கிளாக்கோமா உள்ளவரும் சிரசாசனத்தைத் தவிர்ப்பர். குடலிறக்கம் உள்ளவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் கபாலபாதி ஆகாது. இந்தி சரிவரப் பேச வரவில்லையே என்று கூச்சப்பட்டு மௌனமாய் இருந்துவிடும் நம் பெண்களை நாம் அறிவோம். அண்டைவீட்டுப் பிள்ளையை உடன் அழைத்துச் சென்றேனும் சொல்லவேண்டும்.

இரண்டு ஆண்டுகள் தாயீயிடம் பயின்றோம். சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றபோது, தாயார் விரித்த பாயின்மேல் கம்பளத்தை நான்காக மடித்துப் போட்டு அமர்ந்தோம்.

"ஏண்டா, இவ்வளவு நல்ல பாய் இருக்கும்போது அதன்மேல் கம்பளி எதற்கு?" என்றார்கள்.

"இடுப்புக்கு அம்மா" என்றோம்.

சிறிது நகர்ந்து, இலை போட இடம் விட்டார்கள்.