பழைய மினி ஹிட்டாச்சி வாங்கப் போறீங்களா?

(கூட்டமைப்பின் தொழில் ஆலோசனைக் கூட்டத்தில், மண் தோண்டும் இயந்திரங்களுக்கான பழுது பார்க்கும் பட்டறையைக் குடும்பத்தோடு நடத்தி வரும் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆடு வாங்குறதுக்கும் தையல் மெஷின் வாங்குறதுக்கும் ஆலோசனை சொல்ல இங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா சில குழுக்கள் இப்போ பொருளாதாரக் கடன் எடுத்து, பழைய மினி ஹிட்டாச்சி வாங்கி வாடகைக்கு விடலாமான்னு கேட்டு வாறாங்க. நல்ல யோசனைதான். நம்ம மாவட்டத்துல பெரிய ஜே.சி.பி. நுழையாத ஒத்தையடி வழி எவ்வளவோ இருக்கு. ரப்பர் தோட்டத்துச் சரிவு, வீட்டுக்குப் பின்னால செப்டிக் டேங்க் குழி, வாழைக்கு வாய்க்கால் வெட்டுறது, இதுக்கெல்லாம் சின்ன வண்டிதான் வேணும். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சு ரப்பரும் வாழையும் விழுந்து கிடந்தப்போ, தோட்டத்துக்குள்ள நுழையுற சின்ன வண்டியோட அருமை எல்லாருக்கும் தெரிஞ்சது.

(ஒரு சங்கதி. ஜே.சி.பி. என்பது இங்கிலாந்துக்காரர் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவரின் பெயரின் முதல் எழுத்துகள். ஹிட்டாச்சியும் ஒரு கம்பெனியின் பெயர்தான். நம்ம ஊருல டயர் வச்சதெல்லாம் ஜே.சி.பி., செயின் வச்சதெல்லாம் ஹிட்டாச்சி. நானும் அப்படியே சொல்லுகேன்.)

பழைய வண்டி பார்க்கப் போறவங்க முதல்ல பெயிண்டைப் பார்க்காங்க. அடுத்து எஞ்சின் சத்தத்தைக் கேக்காங்க. ஆனா இந்த வண்டியில பெரிய செலவு வைக்கிறது பெரும்பாலும் ஹைட்ராலிக்தான். பம்ப் ஒண்ணு போனா குழுவோட பல மாசத் தவணை அதுல போயிரும். அதனால அதைப் பத்தி மட்டும் இன்னைக்குப் பேசுகேன்.

அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. எஞ்சின் பம்பைச் சுத்தும். பம்ப் டேங்கிலிருந்து எண்ணெயை உறிஞ்சித் தள்ளும். ஆபரேட்டர் லீவரை அசைச்சா, வால்வு அந்த எண்ணெயை எந்த சிலிண்டருக்கு வேணுமோ அங்க திருப்பி விடும். சிலிண்டருக்குள்ள இருக்கிற பிஸ்டனை எண்ணெய் தள்ளும், பக்கெட் மண்ணைக் கடிக்கும். வேலை முடிஞ்ச எண்ணெய் கூலரிலும் ஃபில்டரிலும் புகுந்து திரும்ப டேங்குக்கு வரும். டாக்டர் ஊசி போடுற சிரிஞ்சுதான் இது, உருவம் பெருசு.

கார் டயர்ல காத்து ஏறக்குறைய 2 பார் அழுத்தம். மினி ஹிட்டாச்சி ஹைட்ராலிக்ல 200 பாருக்கு மேலேயே இருக்கும். அதாவது நூறு மடங்கு. 7 செ.மீ. அகலமுள்ள ஒரு சிலிண்டர் அந்த அழுத்தத்துல ஏழரை டன்னுக்கு மேல தள்ளும். இந்தக் கணக்குக்கு அடிப்படை 17-ஆம் நூற்றாண்டுல பிரான்சு நாட்டு பாஸ்கல் சொன்ன விதி. பள்ளிக்கூடத்துல நம்ம பிள்ளைகள் படிக்குதே, அதேதான்.

சரி, வண்டி பார்க்கப் போறப்போ என்ன செய்யணும்? முன்கூட்டியே சொல்லிட்டுப் போங்க: "வண்டியை நாங்க வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்." போனதும் எஞ்சின் மூடியில கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா திரும்பி வந்து இன்னொரு நாள் போங்க. குளிர்ந்து கிடக்கிற வண்டியையும் பார்க்கணும், ஒரு மணி நேரம் மண்ணு வெட்டிச் சூடான பிறகும் பார்க்கணும். காலையில ஜோரா வேலை செய்து பத்தரை மணிக்குச் சோர்ந்து போற வண்டி உண்டு. எண்ணெய் சூடானா தண்ணி மாதிரி இளகிரும். தேய்ஞ்ச பம்பும் தேய்ஞ்ச வால்வும் அப்பதான் உள்ளுக்குள்ளேயே எண்ணெயை ஒழுக விடும். அஞ்சு நிமிஷம் கையை ஆட்டிக் காட்டிட்டு "போதும்லா" என்கிறவரிடம் போதாதுன்னு சொல்லுங்க.

அடுத்து எண்ணெய். நல்ல எண்ணெய் தெளிவா இருக்கும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா தண்ணி புகுந்திருக்கு. நமக்கு ரெண்டு மழைக்காலம். 2021 நவம்பர்ல வெள்ளம் வந்தப்போ தண்ணியில நின்ன வண்டியா என்று கேட்டுக்கிடுங்க. கறுத்து, கருகின வாசனை வந்தா வண்டி ரொம்பச் சூடேறி ஓடியிருக்கு. நுரை நின்னா எங்கேயோ காத்து இழுக்குது. ரிட்டர்ன் ஃபில்டரைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. அதுல மினுமினுன்னு உலோகத் துகள் ஒட்டியிருந்தா பம்போ மோட்டாரோ உள்ளே அரைபடுது. அந்த வண்டிக்கு விலை பேசவே வேண்டாம். "ஃபில்டரை எல்லாம் கழட்ட முடியாது" என்று சொன்னாலும் அதே பதில்தான்.

சிலிண்டர் ராடு பளபளன்னு இருக்கும். அதுல நகத்தை வச்சு மெல்ல இழுத்துப் பாருங்க. கடலோரத்துல கிடந்த வண்டின்னா உப்புக்காத்துல பொட்டுப் பொட்டாத் துருப் பிடிச்சிருக்கும், நகம் தட்டும். அப்படிப்பட்ட ராடுக்குப் புது சீல் போட்டாலும் கொஞ்ச நாள்ல அறுத்துப் போடும். சீல் கிட் செலவு சின்னது, ராடு செலவு பெருசு. மேலோட்டமா எண்ணெய் ஈரம் இருக்கிறதைக் கண்டு பயப்பட வேண்டாம். சொட்டுச் சொட்டா விழுதான்னு பாருங்க. விக்கிறதுக்கு முன்னாடி நல்லாக் கழுவி வச்சிருப்பாங்க, அதனால சூடான பிறகு இன்னொரு தடவை பாக்கணும்.

இனி முக்கியமான கேள்வி. கோளாறு எல்லா வேலையிலும் தெரியுதா, ஒண்ணுல மட்டுமா? கை, பக்கெட், செயின், சுத்துறது எல்லாமே மெதுவா இருந்தா, குறை எல்லாத்துக்கும் பொதுவான இடத்துல: எண்ணெய் அளவு, டேங்குக்குள்ள இருக்கிற சல்லடை, பம்ப், ரிலீஃப் வால்வு. பக்கெட் மட்டும் மெதுவா இருந்தா பக்கெட் சிலிண்டரையும் அதுக்கான வால்வையும்தான் பாக்கணும், பம்பைக் குறை சொல்லக்கூடாது. நிறைய மினி வண்டிகள்ல ஒரே பம்புக்குள்ள ரெண்டு மூணு பிரிவு இருக்கும். ஒரு பிரிவு ஒரு பக்கத்துச் செயினுக்கும் பூமுக்கும், இன்னொண்ணு மறுபக்கத்துச் செயினுக்கும் ஆர்முக்கும் என்று பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க. மாடலுக்கு மாடல் இது மாறும். வண்டி நேராப் போகாம ஒரு பக்கம் இழுக்குது, கூடவே பூமும் தளர்ச்சின்னா பம்போட அந்தப் பிரிவு மேல சந்தேகம் வரும். இழுக்கிறது மட்டும்தான் குறைன்னா, முதல்ல ரெண்டு செயினும் ஒரே அளவு இறுக்கமான்னு பாருங்க. அது சரின்னா மெக்கானிக் வால்வுப் பக்கத்துல ரெண்டு செயினுக்கும் போற ஓஸ்களை மாத்திப் போட்டுப் பார்ப்பார். கோளாறு மறுபக்கத்துச் செயினுக்கு மாறினா பம்ப் அல்லது வால்வு. மாறாம அதே செயின்ல நின்னா, நடுவுல இருக்கிற ஸ்விவல் ஜாயிண்ட் அல்லது செயின் மோட்டார். ஒரு ரூபா பொருள் வாங்காம இவ்வளவு தெரிஞ்சுக்கிடலாம்.

எஞ்சினையும் காதுகொடுத்துக் கேளுங்க. பக்கெட்டை மண்ணுல குத்தி இழுக்கிறப்போ எஞ்சின் முனகி, அமுங்கி, புகை தள்ளினா பம்ப் அழுத்தம் கொடுக்குது, எஞ்சின்தான் தாங்கல. டீசல் ஃபில்டர், காத்து ஃபில்டரில் இருந்து தொடங்கணும். பக்கெட் நின்னு போச்சு, எஞ்சின் மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடுதுன்னா அழுத்தம் எங்கேயோ தப்பிப் போகுது. பம்ப் பக்கம் கீச்சுன்னு ஊளையிட்டா, எண்ணெய் கிடைக்காமத் தவிக்குது: சல்லடை அடைப்பு, உறிஞ்சுற ஓஸ்ல ஓட்டை, எண்ணெய் குறைவு. அப்படியே ஓட்டினா பம்ப் போயிரும். உடனே கவனிச்சா சின்னச் செலவோட முடியும்.

பக்கெட்ல மண்ணு நிறைச்சு, பூமைத் தூக்கி, எஞ்சினை நிறுத்துங்க. ராடுல சாக்பீஸால ஒரு கோடு. பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க. கொஞ்சம் இறங்குறது எல்லாப் பழைய வண்டியிலும் உண்டு. கண்ணு முன்னாலேயே இறங்கினா சிலிண்டர் சீலோ வால்வோ தேய்ஞ்சிருக்கு. அந்த நேரம் கீழே யாரும் நிக்கக்கூடாது, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகவே வேண்டாம்.

எங்க பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைச் சொல்லுகேன். மேற்குப் பக்கம், ஒரு குடும்பம் நகையை அடகு வச்சு வாங்கினது. சூடானா வலுவில்லை. வேற இடத்துல "பம்ப் போச்சு, மாத்தணும்" என்று சொல்லியாச்சு. அந்த அக்கா வளையலையும் கழட்டத் தயாரா நின்னாங்க. பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தோம். குளிர்ந்தப்போ அழுத்தம் சரியா இருந்தது, சூடானதும்தான் இறங்கிச்சு. ஆயில் கூலரைப் பார்த்தா ரப்பர் சருகும் செம்மண்ணும் பின்னி மெத்தை மாதிரி அடைச்சுக் கிடக்கு. உள்ளிருந்து வெளியே தண்ணி அடிச்சுக் கழுவினோம், கருகின எண்ணெயையும் ஃபில்டரையும் மாத்தினோம். அந்த வண்டி அதே பம்போட இன்னும் வேலை செய்யுது. எல்லா வண்டிக்கும் இப்படி நடக்கும்னு சொல்ல வரல. ஆனா கேஜ் மாட்டாம "பம்ப் போச்சு" என்கிற மெக்கானிக் சொல்லை ஏத்துக்கிடாதீங்க.

இன்னொரு வண்டி அசையவே இல்லை. லாரியில ஏத்திக் கொண்டு வந்தாங்க. இடது கைப்பக்கம் ஒரு பாதுகாப்பு லீவர் இருக்கும், அதைத் தூக்கினா எல்லா வேலையும் நிக்கும். அதுக்கான ஃபியூஸ் எரிஞ்சிருந்தது. அவ்வளவுதான். லாரி வாடகைதான் பெருசு.

கேஜ் அளவு குறைஞ்சா மட்டும் சந்தேகப்படணும்னு இல்லை, கூடினாலும் சந்தேகப்படணும். தளர்ந்த வண்டியை விக்கிறதுக்காக ரிலீஃப் வால்வு திருகை இறுக்கி வைக்கிறவங்க உண்டு. அன்னைக்கு வண்டி சிங்கம் மாதிரி வெட்டும். அப்புறம் ஓஸ் வெடிக்கும், பம்ப் சாகும். கம்பெனிக் கையேட்டுல உள்ள அளவோட ஒத்துப் பாருங்க.

உயிர் சம்பந்தமான ஒண்ணு. ஓஸ்ல ஊசித் துளை மாதிரி ஒழுக்கு இருந்தா விரலை வச்சுத் தடவிப் பார்க்கவே கூடாது. 200 பார் எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போயிரும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதல்ல பெருசா இருக்காது. ஆனா உள்ளே சதை அழுகும், விரலை எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க. அப்படி யாருக்காவது பட்டுட்டா காத்திருக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்த எண்ணெய் உள்ளே ஏறியிருக்கு" என்று தெளிவாச் சொல்லணும். மஞ்சள் பத்துப் போட்டு வீட்டுல இருக்கக்கூடாது. ஓஸ் கழட்டும் முன்னே பக்கெட்டைத் தரையில இறக்கி, எஞ்சினை அணைச்சு, லீவர்களை அசைச்சு அழுத்தத்தை விடணும்.

பில், ஃபைனான்ஸ் பாக்கி இல்லை என்கிற என்.ஓ.சி., இன்சூரன்ஸ் எல்லாம் குழுக் கூட்டத்துல வச்சுப் பார்த்த பிறகுதான் முன்பணம். மணிமீட்டரை முழுசா நம்பாதீங்க. குறைஞ்ச மணி காட்டுது, ஆனா மிதிக்கிற ரப்பர் வழுவழுன்னு தேய்ஞ்சு, பக்கெட் பின்னும் புஷ்ஷும் லொடலொடன்னு ஆடுதுன்னா உங்க கண்ணை நம்புங்க.

பேசி முடிக்கும்போது ஒரு தங்கச்சி கேட்டாங்க, கடையில விலை குறைஞ்ச எண்ணெய் கிடைச்சா ஊத்தலாமான்னு. எண்ணெய்க்கு நம்பர் உண்டு. நம்ம சூட்டுக்குப் பெரும்பாலும் 46 அல்லது 68 போடுறாங்க, உங்க வண்டிக்கு எது என்று கையேடு சொல்லும். ரெண்டு வகையைக் கலக்காதீங்க. பழைய எண்ணெயைத் துணியில வடிகட்டித் திரும்ப ஊத்துறதும் வேண்டாம், துணி நூலே சல்லடையை அடைக்கும். பொதுவா 1000 மணி நேரம் ஓடினா எண்ணெய் மாத்தணும், ஃபில்டர் அதுக்கு முன்னாலேயே. மாத்தின தேதியையும் மணிமீட்டர் எண்ணையும் குழுவோட தீர்மான நோட்டுலேயே எழுதி வையுங்க. நாளைக்கு நீங்க அந்த வண்டியை விக்கப் போறப்போ வாங்க வாறவங்க அதைத்தான் கேப்பாங்க.