அழாத குழந்தையை முதலில் பாருங்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியரான பி பிளாக் உறுப்பினர் ஆற்றிய உரை)



நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் துணைச் சுகாதார நிலையத்தில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஒரு தராசு, கொஞ்சம் மாத்திரை, என் கைக்கடிகாரம், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் இருமல், காய்ச்சல் என்று வரிசையாகத் தாய்மார்கள். வீறிட்டு அழுத குழந்தைகளை முதலில் பார்த்தேன். சுவரோரம் ஒரு தாய் ஒன்பது மாதக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். “இவன் சமத்தாத் தூங்குறான் சிஸ்டர், அவங்களைப் பாருங்க” என்றார்.

கடைசியில் அவன் சட்டையை விலக்கிப் பார்த்தேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிந்தது. நிமிடத்துக்கு 64 மூச்சு. எழுப்பினால் கண் திறக்கவில்லை. பால் வண்டியில் ஏற்றி அனுப்பினோம். பிழைத்துக்கொண்டான். ஆனாலும் அவனைக் காக்க வைத்த அந்த ஒரு மணி நேரம் இன்றும் என்னை உறுத்துகிறது. வீறிட்டு அழுகிற குழந்தைக்குத் தெம்பு இருக்கிறது. அழக்கூடத் தெம்பில்லாத குழந்தையை முதலில் பார்க்க வேண்டும்.

இருமலோடு வரும் குழந்தைக்கு நிமோனியாவா என்று மூச்சை எண்ணியே கணிக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதை ஆராய்ந்து 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990-களில் வகுத்த முறையிலும் இந்த எண்ணிக்கை இடம்பெற்றது. குழந்தை அமைதியாக இருக்கும்போது, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

2 மாதத்துக்குள்: 60 அல்லது அதற்கு மேல்
2 மாதம் முதல் 1 வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்சு குழிந்தால் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னும் நான்கு அடையாளங்கள் உண்டு. பாலோ தண்ணீரோ குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, வலிப்பு வந்தது, எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பச்சிளம் குழந்தைக்குக் காய்ச்சல் மட்டுமல்ல, உடம்பு சில்லிட்டுப் போவதும் ஆபத்துதான். நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தையும் கொடுக்காதீர்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெருமுனையிலேயே டாக்டர் இருக்கிறார். நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும், பக்கத்துக் கட்டடத்தில் செங்கல் சுமக்கும் தாய்க்கும் ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடுவார்கள். அந்த ஒரு நாள்தான் குழந்தையின் உயிர்.

எனவே, “குழந்தைக்கு உடம்பு சரியில்லம்மா” என்று அவர் சொன்னால், “பால் குடிக்குதா? முழிச்சுப் பார்க்குதா?” என்று கேளுங்கள். சம்பளத்தைப் பிடிக்காமல் அனுப்பிவையுங்கள். கீழே கார் சும்மாதான் நிற்கிறது. முடிந்தால் நீங்களே கூட்டிப் போங்கள்.

இந்த எண்களை எழுதி வாட்ச்மேன் அறையில் ஒட்டிவைக்கும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.