பழைய பளிங்கு மணிகளும் ஏழாம் வகுப்பும்

(கலை மற்றும் கைவினைக் கல்வி குறித்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அரசு நடுநிலைப் பள்ளி அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய மணிகளைக் கொண்டு மாலை செய்தல்" என்று தலைப்பு கொடுத்ததும், "இது தையல் டீச்சர் பேச வேண்டியதாச்சே" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. உண்மைதான், நான் கைவினை ஆசிரியர் அல்ல. அறிவியல் எடுப்பவள். எங்கள் பள்ளியில் கைவினைக்குத் தனி ஆசிரியர் இல்லை. வாரத்துக்கு ஒரு பாடவேளை அட்டவணையில் இருக்கிறது. அதைக் கணக்கோ ஆங்கிலமோ எடுத்துக்கொள்வது நம் எல்லாப் பள்ளிகளிலும் வழக்கம். அந்த ஒரு பாடவேளையை ஒரு பருவம் முழுக்கப் பிறருக்கு விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பொருள் எங்கிருந்து வந்தது?

கடையிலிருந்து எதுவும் வாங்கவில்லை. வீட்டில் அறுந்துபோய் டப்பாவில் கிடக்கும் மணிமாலைகளைக் கொண்டுவரச் சொன்னேன். அம்மாவின் கல்யாணத்துக்கு வாங்கியது, பாட்டி போட்டிருந்தது, திருவிழாக் கடையில் எடுத்தது என்று ஒரு வாரத்தில் இரண்டு சாப்பாட்டு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டது. அவற்றில் பட்டை தீட்டிய பழைய கண்ணாடி மணிகள் நிறைய இருந்தன. நம் வீடுகளில் அதற்கு "கிரிஸ்டல் மணி" என்றே பெயர்.

முதல் நாளே ஒரு விதி போட்டோம். உரியவரிடம் கேட்காமல் எந்த மாலையையும் வெட்டக் கூடாது. ஒரு பையன் பாட்டியின் மாலையை அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்தான். அறுந்த மாலைதான். ஆனாலும் திருப்பி அனுப்பினேன். மறுநாள் பாட்டியே பள்ளிக்கு வந்தார். "எடுத்துக்கங்க டீச்சர், ஆனா நடுமணி மட்டும் எனக்கு வேணும்" என்றார். அந்த மணி அவருடைய கணவர் வாங்கித் தந்ததாம். பழைய பொருளைப் புதுப்பிப்பது என்றால் இந்தப் பேச்சும் அதில் அடக்கம். எதைக் கலைக்கலாம், எதைக் கலைக்கக் கூடாது என்று பிள்ளைகள் அன்று கற்றது பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று.

பளிங்கா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

வடிவமைப்புக்கு முன்னால் தரம் பிரிக்க வேண்டும். இங்கேதான் அறிவியல் உள்ளே வருகிறது. பிளாஸ்டிக் மணி எடை குறைவு. கையில் எடுத்ததும் சூடாகிவிடும். கண்ணாடி கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக இருக்கும். இயற்கைப் பளிங்காகிய ஸ்படிகம் அதைவிட அதிக நேரம் குளிரும், ஏனென்றால் அது வெப்பத்தைக் கண்ணாடியைவிட நன்றாகக் கடத்துகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் கண்ணாடிக்குள் சில நேரம் உருண்டையான காற்றுக் குமிழி தெரியும். அச்சில் அழுத்திச் செய்த கண்ணாடி மணியில் மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். ஸ்படிக உருண்டையை ஒரு நூலின் மேல் வைத்து மெல்லச் சுழற்றினால், சில கோணங்களில் நூல் இரண்டாகத் தெரியும். கண்ணாடி உருண்டையில் அப்படித் தெரியாது. இரட்டை ஒளிவிலகல் என்ற சொல்லை நடுநிலை வகுப்பில் சொல்ல வேண்டியதில்லை. நூல் இரண்டாவதைப் பார்த்தால் போதும்.

எடை பார்ப்பது அடுத்த பாடம். சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி சுமார் 2.5. ஸ்படிகத்துக்கு 2.65. ஈயம் கலந்த கிரிஸ்டல் கண்ணாடிக்கு 3ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோ வரும். 50 மணிகளை நிறுத்து, அளவு சாடியில் போட்டு, நீர் எவ்வளவு உயர்கிறது என்று பார்த்தோம். துளைக்குள் காற்று தங்கினால் கணக்கு தப்பும், அதனால் சாடியைத் தட்டிக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இதையே ஒளிவிலகல் பாடத்துக்கும் பயன்படுத்தலாம். ஈயம் கூடக் கூட ஒளிவிலகல் எண்ணும் கூடுகிறது, நிறப்பிரிகையும் கூடுகிறது. வெயிலில் பிடித்தால் சுவரில் ஏழு நிறம் விழுவது அதனால்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய கிரிஸ்டலில் 24 சதவீதமோ அதற்கு மேலோ ஈய ஆக்சைடு இருக்கலாம். கையால் தொட்டு வேலை செய்வதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் வாயில் வைக்கக் கூடாது, உரசிப் பொடியாக்கக் கூடாது, புதிதாகத் துளையிடக் கூடாது, வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிரிஸ்டல் வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு மரமணியோ, புளியங்கொட்டையோ, களிமண்ணை உருட்டிச் செய்த மணியோ போதும்.

இந்த மணி நடந்து வந்த வழி

பட்டை தீட்டிய கண்ணாடி மணி இவ்வளவு மலிவாக நம் ஊர்த் திருவிழாக் கடை வரை வந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பொகீமியாவில், இன்றைய செக் நாட்டில், யாப்லொனெட்ஸ் என்ற ஊரைச் சுற்றிய கிராமங்களில் வீட்டுக்கு வீடு கண்ணாடி மணி செய்தார்கள். அந்தப் பகுதியில் பிறந்த டேனியல் ஸ்வரோவ்ஸ்கி 1892இல் கண்ணாடிக் கல்லைப் பட்டை தீட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் ஆஸ்திரியாவின் வாட்டன்ஸ் என்ற ஊரில் தொழிற்சாலை தொடங்கினார். கையால் ஒவ்வொன்றாகத் தீட்டிய கல் அதன்பின் ஒரே அளவில், ஆயிரக்கணக்கில் வெளிவந்தது. வானவில் போல மினுங்கும் பூச்சுள்ள மணி 1956இல் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யாப்லொனெட்ஸின் ஜெர்மன் மொழி பேசிய குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களில் பலர் ஜெர்மனியின் பவேரியாவில் புதிய ஊர் அமைத்து, அதே தொழிலைத் தொடர்ந்தார்கள். ஊர் போனாலும் கைத்தொழில் கூடவே போயிருக்கிறது.

நமக்கு இதைவிடப் பழைய கதை உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். கண்ணாடி மணிகள் அங்கே ஏராளமாகக் கிடைத்தன. உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுங்கச் செய்த மணிகள் அவை. அவ்வகை மணிகள் இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் கிடைத்திருக்கின்றன. நொய்யல் ஆற்றங்கரையில் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் ஸ்படிகம், சூதுபவளம், பச்சைக்கல் வகை மணிகள், பாதி செய்த நிலையிலும் முடிந்த நிலையிலும் கிடைத்தன. அதாவது மணி செய்த பட்டறையே அங்கு இருந்திருக்கிறது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இத்தகைய ஊர்களுக்குப் பக்கத்தில் பணிபுரியும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழை பெய்ததும் வயலில் மணி பொறுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டு மாலையை அவிழ்த்துக் கோக்கலாம், மண்ணிலிருந்து வந்த மணியைக் கோக்கக் கூடாது. அது எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதோடு கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. எடுத்துவிட்டால் வெறும் மணி. அப்படி ஏதும் கண்ணில் பட்டால் வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பதினேழு மணியும் பதினெட்டு இடைவெளியும்

இனி வடிவமைப்பு. முதலில் மணிகளை இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியால் துடைத்தோம். பின்பக்கம் தகடு ஒட்டிய கற்களைத் தண்ணீரில் போடக் கூடாது, தகடு கறுத்துவிடும். பூச்சுள்ள மணிகளை அழுத்தித் தேய்க்கக் கூடாது. பிறகு ஒரு துண்டை விரித்து, அதன் மடிப்பில் மணிகளை அடுக்கிப் பார்த்தோம். கோப்பதற்கு முன் அடுக்கிப் பார்ப்பதுதான் வடிவமைப்பில் பாதி வேலை.

பழைய மணியில் ஒரு சிக்கல், எண்ணிக்கை நம் கையில் இல்லை. கடையில் போய் இன்னும் நான்கு வாங்க முடியாது. ஒரு குழுவிடம் 8 மில்லிமீட்டர் நீலக் கிரிஸ்டல் 17 மட்டுமே இருந்தன. மாலையின் நீளம் 420 மில்லிமீட்டர். மீதி இடத்தை 4 மில்லிமீட்டர் சிறுமணியால் நிரப்ப வேண்டும். பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். 17 பெரிய மணிக்கு 136. மீதி 284. அதற்குச் சிறுமணி 71. அதை 17ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 3. மீதி மூன்றை எங்கே வைப்பது என்று சண்டை.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பெண், "பதினேழால ஏன் வகுக்கறீங்க? இடைவெளி பதினெட்டு" என்றாள். மணிகளுக்கு நடுவே 16, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று. இடைவெளிக்கு நான்கு என்றால் 72 சிறுமணி, மாலை 424 மில்லிமீட்டர். "நாலு மில்லிமீட்டர் கூடினா கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அவள் நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வருபவள். அவளுடைய பெற்றோர் திருவிழாக்களில் பாசிமணி விற்பவர்கள். பங்குனியிலும் சித்திரையிலும் ஆடியிலும் அவள் வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விடுப்பாக இருக்கும். வகுப்பில் "பாசி" என்பது அவளைக் கிண்டல் செய்யும் பெயராக இருந்தது. அன்றைக்குப் பிறகு எல்லாரும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். நூலின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு கோக்கக் காட்டினாள். துளையில் கம்பியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பாள். உரசினால் துளையின் விளிம்பு கூர்மை, நைலான் நூலை அறுத்துவிடும், அந்த மணிக்குக் கியர் வயர் வேண்டும் என்பாள். இரண்டு கிரிஸ்டலை ஒட்டி வைத்தால் பட்டை சில்லு பெயரும், நடுவில் சிறுமணி போட வேண்டும் என்றாள். ஒற்றைப்படை எண்ணில் பெரிய மணி இருந்தால் நடுவில் ஒன்று நிற்கும், இரட்டைப்படையில் நடுவில் இடைவெளி வரும் என்பதை விளக்கத் தேவையே இருக்கவில்லை, செய்து காட்டினாள்.

நண்பர்களே, இந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். அவளை நிறுத்தி, "பாருங்கள், இவர்கள் குலத்தொழில்" என்று நான் அறிமுகப்படுத்தவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் கிண்டல் பெயரை நானே உறுதி செய்ததாகிவிடும். அவளைத் தனியே கேட்டேன், "மத்தவங்களுக்குச் சொல்லித் தர்றியா? இஷ்டம் இல்லேன்னா வேண்டாம்" என்று. யோசித்துவிட்டுச் சரி என்றாள். இன்னொன்று, மணி கோக்க வருவதால் அவளுக்கு அதுதான் வரும் என்று முடிவு கட்டக் கூடாது. அன்று அவள் காட்டியது கைத்திறன் மட்டுமல்ல, கணக்கு. அவள் கணக்கு ஏட்டில் அதுவரை சிவப்பு மையே அதிகம். வீட்டில் போடும் கணக்குக்கும் ஏட்டில் போடும் கணக்குக்கும் நடுவே ஒரு கதவு மூடியிருந்தது, அவ்வளவுதான்.

அவளுடைய அம்மா முதல்முறையாகப் பள்ளிக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே அழைத்து நாற்காலி போட்டோம். பிள்ளைகள் செய்த மாலைகளைக் கையில் எடுத்து, முடிச்சை இழுத்துப் பார்த்து, இரண்டை "இது நிக்காது டீச்சரம்மா" என்று அவிழ்த்தே போட்டார். அந்த ஆடியில் மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் திருவிழாவுக்குப் போனார்கள். அடுத்த திருவிழாவுக்கு அவளும் போய்விட்டாள், ஒன்பது நாள் வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆனால் போகும்முன் வந்து, "ஒம்போது நாள் டீச்சர், கணக்கு நோட்டை எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023 ஜனவரியில். சான்றிதழ், கல்வி உதவித்தொகை, விடுதி வசதி போன்றவற்றை அந்தக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லவும், விண்ணப்பத்தை நிரப்பித் தரவும் நம்மைவிட அருகில் இருப்பவர் யாருமில்லை.

செய்யக்கூடியவை

பள்ளியில் தொடங்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஒரு மூக்குக் குறடு, ஒரு சிறு கத்தரிக்கோல், கியர் வயர், கியர் லாக், கொக்கி, நைலான் நூல் இவை போதும். குறட்டை ஆசிரியர் பார்வையில் மட்டும் கொடுங்கள். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு துண்டு, ஒரு தட்டு. மணி உருண்டு ஓடுவதைத் துண்டு தடுக்கும். கோப்பதற்கு முன் கட்டம் போட்ட தாளில் வடிவத்தை வரையச் சொல்லுங்கள். தொடக்க வகுப்பில் அது வடிவத் தொடர், நடுநிலையில் வகுத்தலும் மீச்சிறு பொது மடங்கும், உயர்நிலையில் சமச்சீரும் அடர்த்தியும் ஒளியும். மணிகளுக்கு நடுவே முடிச்சிடக் கற்றுக்கொடுங்கள், மாலை அறுந்தாலும் ஒரு மணிக்கு மேல் சிதறாது. முடிந்த மாலையை உரியவருக்கே கொடுத்தனுப்புங்கள். கலைத் திருவிழாவுக்கு வேண்டுமானால் கேட்டு வாங்கிக் காட்சிக்கு வைக்கலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் வகுப்பில் கூடை முடைபவர் வீட்டுப் பிள்ளை இருக்கலாம், வலை பின்னுபவர், மண்பாண்டம் செய்பவர், பூக்கட்டுபவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கலாம். ஒரு பருவத்தில் ஒரு பொருளையாவது வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். யாருக்கு எது தெரியும் என்று அறிவிக்காமல், பொருளை நடுவில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். பின்வரிசையிலிருந்து குரல் வரும்போது அந்தக் கைவினைப் பாடவேளை அட்டவணையில் இருக்க வேண்டும். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.